காரணம் இல்லாத ஒரு நாள்

எங்கள் பக்கத்தில் பஸ் ஏறுவதற்கு ஒரு காரணம் வேண்டும். கல்யாணம், கருமாதி, குலதெய்வத்துக்குப் பொங்கல், ஆஸ்பத்திரி. இல்லாவிட்டால் நெய்த புடவையை ஆரணியில் கொடுத்துவிட்டுப் பாவு வாங்கி வருவது. தேசூர்த் தறிக்காரர் வீடுகளில் இதைக் கஞ்சத்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. பட்டுக்குக் கூலி நாளைக்கு இவ்வளவு என்று வருவதில்லை, புடவைக்கு இவ்வளவு என்றுதான் வருகிறது. தறி நின்றால் அந்த நாளுக்குக் காசு இல்லை. அமாவாசைக்குத் தறி ஓடாது என்பது உண்மைதான். அன்றைக்கும் தார் சுற்றுவது, பாவு பிணைப்பது, கடன் கொடுத்தவரைப் பார்த்துத் தவணை சொல்வது என்று பொழுது போய்விடும்.

அப்படிப்பட்ட வீட்டில், சின்னப் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட வேண்டும் என்பதற்காக மட்டும் ஒரு முழு நாளையும் வேன் வாடகையையும் செலவழிக்கலாமா? போன மே மாத அமாவாசைக்கு அண்ணன் பிள்ளைகளையும் என் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பியபோது, தெருவில் பலர் "என்ன விசேஷம்?" என்று கேட்டதன் அர்த்தம் இதுதான். விசேஷம் ஒன்றும் இல்லை என்றால் நம்பவில்லை. முந்தின ராத்திரி புளி கரைத்துக்கொண்டே அம்மாவும் கேட்டாள்: "கடலுக்கு சரி, எந்தக் கோயிலுக்கு?"

அம்மா கேட்டதில் தப்பில்லை. தேசூரிலிருந்து மரக்காணம் கரை நேர்க்கோட்டில் சுமார் 60 கிலோமீட்டர்தான். வந்தவாசி, திண்டிவனம் என்று சாலையில் சுற்றிப் போனாலும், விடியற்காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம். ஆனாலும் எங்கள் தெருவில் கடலைப் பார்த்தவர்களை விசாரித்தால், ஒருவர் ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போனவராக இருப்பார், இன்னொருவர் அஸ்தி கரைக்கப் போனவராக இருப்பார். மாசி மகத்தன்று மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் செஞ்சி ரங்கநாதரும் புதுச்சேரி வைத்திக்குப்பத்துக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார்கள். சாமிகளுக்கே கடலுக்குப் போக நாள் குறித்து வைத்திருக்கும் மண் இது. அண்ணன் முதன்முதலாகக் கடலைப் பார்த்தது அப்பாவின் அஸ்திக் கலயத்தோடு. அப்போது அவனுக்குக் கல்யாணமே ஆகியிருந்தது.

சின்ன வயதில் அவன் ஏன் பார்க்கவில்லை என்பதற்குக் காரணம் தறியில் இருக்கிறது. கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. நெய்கிறவரின் கை மறுபக்கக் கரைவரை எட்டாது. அங்கே நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். காஞ்சிபுரத்திலும் ஆரணி வட்டாரத்திலும் பல வீடுகளில் அந்த இன்னொரு ஆள் எட்டு, பத்து வயதுப் பிள்ளையாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதிலும் சொந்த வீட்டுத் தொழிலுக்கு விலக்கு இருந்தது. 2016-இல் சட்டத்தைத் திருத்தி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்றார்கள். பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் உதவலாம் என்ற வாசல் இன்னும் திறந்துதான் இருக்கிறது. அண்ணன் அந்த மறுபக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவன். பள்ளிக்கூடம் விட்டால் தறி, லீவு விட்டால் முழு நாளும் தறி. அவன் யாரையும் குறை சொன்னதில்லை. அவனுக்காகவும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எதற்கும் பயன்படாத, யாருக்கும் கணக்குக் கொடுக்க வேண்டாத ஒரு நாள் பிள்ளைகளுக்கு வேண்டும். காசு சேர்ந்தபிறகு கொடுக்கலாம் என்று தள்ளிவைத்தால், காசு சேரும்போது பிள்ளை பெரியவனாகியிருப்பான்.

இந்தக் கரையில் காரணத்தோடு நடந்தவர்களின் கதை பழையது. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். ஒரு பாணன் இன்னொரு பாணனுக்கு, கடற்கரை எயிற்பட்டினத்திலிருந்து வேலூர், ஆமூர் வழியாக நல்லியக்கோடன் என்ற மன்னனின் கிடங்கிலுக்கு வழி சொல்லும் பாட்டு அது. கிடங்கில் இன்றைக்குத் திண்டிவனத்துக்குள் இருக்கிறது. 269 அடிக்குள் எத்தனையோ அழகு இருக்கிறது. ஆனால் வழி சொல்லும் பாணனின் குடும்பம் வழிநடந்தது பசிக்காக. வேளைக்கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் பார்த்துவிடுவார்களோ என்று கதவை அடைத்துக்கொண்டு தின்ற குடும்பம். உப்பு விளையும் கரைக்குப் பக்கத்திலேயே வாழ்ந்த ஒரு கவிஞர் உப்பில்லாத கீரையைப் பற்றி எழுதியதை நான் பலமுறை நினைத்திருக்கிறேன். அதே பாட்டில் கொற்கைப் பக்கம் உப்பு வண்டிகள் போகின்றன. அங்கே உப்பு விற்கும் உமணரின் பிள்ளைகளோடு ஒரு மந்தி கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. பெரியவர்களுக்கு வியாபாரம், பிள்ளைகளுக்கு விளையாட்டு. புலவரின் கண் இரண்டையும் பார்த்திருக்கிறது.

மரக்காணத்தில் முதலில் உப்பளம். பிள்ளைகள் கேட்டது கடல். வேன் நின்றது உப்பளத்தில். பாத்திகளில் உவர்நீர் கட்டி நின்றது. வெயில் நீரைக் குடித்தபிறகு அடியில் படியும் உப்பை நீளக் கழிப் பலகையால் வாரிக் கரையில் குவித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் ஒரு கல் உப்பை எடுத்து நாக்கில் வைத்தாள், முகத்தைச் சுளித்தாள், உடனே இன்னொரு கல்லை எடுத்தாள். அங்கிருந்து அவளை நகர்த்த முடியவில்லை. நாங்களும் நகர்த்தவில்லை. பெரியவர்கள் கூடி ஒரு நாளுக்குள் ஆறு இடம் என்று பட்டியல் போடும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மாமல்லபுரமும் சதுரங்கப்பட்டினமும் இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் இருக்கின்றன. அங்கேயும் போகலாமே என்று டிரைவர் சொன்னார், நாங்கள் வேண்டாம் என்றோம். காரணம் இல்லாமல் கிளம்பிவிட்டு, போன இடத்தில் பார்த்து முடிக்க வேண்டும் என்ற வேலையைத் தலையில் ஏற்றிக்கொண்டால் அது இன்னொரு கூலி நாள்.

மதியத்துக்கு முன் ஆலம்பரை. கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில், உப்பங்கழி ஓரம் செங்கல்லும் சுண்ணாம்பும் சரிந்து கிடக்கும் கோட்டை. 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1760 ஜனவரி 22-ஆம் தேதி எங்கள் வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் தோற்கடித்த அதே வருஷம் ஆங்கிலேயர் இதைப் பிடித்து இடித்தார்கள். இந்தத் துறையிலிருந்து சரிகைத் துணியும் உப்பும் நெய்யும் கப்பலேறியதாகச் சொல்கிறார்கள். துணி கடல் தாண்டிப் போனது. அதை நெய்த கை தறியைத் தாண்டியிருக்காது. பையன்கள் இடிந்த மதில்மேல் ஏறிக் கத்தினார்கள். வரலாறு சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், அவர்கள் கேட்கும் நிலையில் இல்லை. அது வேறொரு நாள் பாடப் புத்தகத்தில் வரட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இந்தக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கரையில் ஒருவர் அறுந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு அண்ணன் அவர் பக்கத்தில் போய்க் குந்திவிட்டான். ஊசி உள்ளே போய், விரலில் சுற்றி, முடிச்சு இறுகுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "இந்த நூலு பிசிறாதாண்ணே?"

"நைலான்ணே. உப்புல ஊறினாலும் ஒண்ணும் ஆகாது. நீங்க என்ன தொழிலு?"

"பட்டு."

அவர் கை நின்றது. அண்ணன் வலை நூலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிப் பார்த்தான், வீட்டில் புதுப் பாவு வந்தால் செய்வதைப் போலவே. வேலையை விட்டு வந்த நாளிலும் அவன் கண் நூலைத்தான் தேடிப் போனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அன்றைக்கு அவன் பார்த்தது அடுத்தவர் நூலை, அதுவும் சும்மா.

அந்த வலைக்காரர்தான் எங்களுக்கு ஒரு முக்கியமான விஷயத்தையும் சொன்னார். அலை வரிசையாக உடைந்துகொண்டிருக்கும், நடுவில் ஓரிடத்தில் மட்டும் உடையாமல் தண்ணீர் அமைதியாகத் தெரியும். "அங்க அலை இல்லன்னு பசங்கள இறக்கிடாதீங்கக்கா, அதான் இழுக்கும்." கரைக்கு ஏறிய தண்ணீர் ஒரே வாய்க்காலாகத் திரும்பி ஓடும் இடம் அது, நீச்சல் தெரிந்தவரையும் கொண்டுபோய்விடும். அமாவாசையும் பௌர்ணமியும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் இழுக்கும் நாட்கள். கடல் வழக்கத்தைவிட மேலே ஏறும். தறிக்காரருக்கு ஓய்வு கிடைக்கும் நாளும் கடல் உயரும் நாளும் ஒன்றாக இருப்பதை நம் பக்கத்தார் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கணுக்காலுக்கு மேல் பிள்ளைகளை விடவில்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கையைப் பிடித்தபடி.

கணுக்கால் அளவே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. அலை திரும்பும்போது காலடி மணல் அரித்துக்கொண்டு போகும் அந்தக் கூச்சத்தை முதல்முறை உணர்ந்த பிள்ளையின் முகத்தை எந்தப் பெற்றோரும் பார்க்காமல் இருக்கக் கூடாது. அம்மா முதலில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளியே நின்றாள். பிறகு பேத்தி இழுத்த இழுப்பில் இறங்கினாள். வழக்கத்தில் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்ளக் கை போனது. அதற்குள் அடுத்த அலை வந்து முழங்காலை நனைத்தது, அம்மா சிரித்துவிட்டாள். யாருக்கும் திதி இல்லாத நாளில் அவள் கடலில் நின்றது அன்றுதான்.

செலவு இல்லை என்று சொல்லமாட்டேன். வேன் வாடகை கொடுத்தோம், வழியில் நுங்கு வாங்கினோம், அண்ணன் அன்றைக்குப் பிணைத்திருக்க வேண்டிய பாவு மறுநாளைக்குத் தள்ளிப்போனது. ஒரு புடவைக்குப் பதினைந்து நாள் என்றால் அதில் ஒரு நாள் போனது. அந்தக் காசில் நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கலாம் என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பயனுள்ளதை மட்டுமே கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு சண்டை உண்டு. பணக்கார வீட்டுப் பிள்ளை கடலுக்குப் போனால் அது லீவு. தறிக்கார வீட்டுப் பிள்ளை போனால் மட்டும் ஏன் அது வீண்?

ஆகவே நெசவுத் தெருக்காரர்களே, பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டுவதற்குள் ஒரு அமாவாசையை அவர்களுக்குக் கொடுங்கள். நான்கு வீடு சேர்ந்தால் வேன் வாடகை ஒரு வீட்டுக்குப் பாரமாக இருக்காது. விடியற்காலையில் கிளம்புங்கள், சாதம் கட்டிக்கொள்ளுங்கள், வீட்டுப் பெரியவர்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.