குழாயின் மறுமுனை

என் பெரியம்மாவுக்கு 72 வயது. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில், பெரியப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறாள். பட்டணத்துக்கு வா என்றால் வரமாட்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் டெலிபோனில் பேசுவேன். என் முதல் கேள்வி, "சக்கரை எவ்வளவு இருக்கு பெரியம்மா?" என்பதுதான். அவள் ஓர் எண்ணைச் சொல்வாள். அது சிறிய எண்ணாக இருந்துவிட்டால் எனக்கு அந்த வாரம் முழுவதும் நிம்மதி.

சென்ற ஆண்டு பொங்கலுக்குப் போனவன், மறுவாரம் அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். டாக்டர் இளைஞர், நல்ல முகம். ஆனால் அந்த முகத்தை நாங்கள் பாதிதான் பார்த்தோம். மீதிப் பாதி கம்ப்யூட்டர் திரையின் பக்கம் இருந்தது. அவர் கேட்டார், பெரியம்மா சொன்னாள், அவர் விரல்கள் தட்டின. ரத்த அழுத்தம் ஓர் எண், சர்க்கரை ஓர் எண், எடை ஓர் எண். மூன்று நிமிஷத்தில் முடிந்தது. மாத்திரைகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். எனக்குத் திருப்திதான்! கிராமத்து ஆஸ்பத்திரியில்கூட எல்லாம் கம்ப்யூட்டரில் நடக்கிறதே என்று பெருமையும் பட்டேன்.

அன்று சாயங்காலம் கிராமத்து நர்ஸம்மா வந்தார். நடு வயது. தோளில் ஒரு பை. பைக்குள் 'டேப்' என்று சொல்கிற பலகைக் கம்ப்யூட்டர். அதை அவர் எடுக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். பெரியம்மா உள்ளே போய்ச் செம்போடு திரும்பி வந்தாள். நர்ஸம்மா செம்பை வாங்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா நடந்து வந்த சிமெண்டுத் தரையில் ஓரடி விட்டு ஓரடி ஒரு பொட்டு ஈரம்.

"பாட்டி, உக்காருங்க. காலைக் காட்டுங்க."

வலது பாதத்தில், கட்டை விரலுக்குக் கீழே, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். விரல் கறுக்கத் தொடங்கியிருந்தது. பெரியம்மா, "வலிக்கவே இல்லையே தாயி" என்றாள். வலிக்காது. நாள்பட்ட சர்க்கரை வியாதி காலின் நரம்புகளை மரத்துப்போகச் செய்துவிடும். முள் குத்தினாலும் செருப்புக் கடித்தாலும் தெரியாது. புண் தானாகப் பேசாது. அதனால்தான் அந்த நோயாளிகளின் பாதத்தைக் கண்ணால் பார்த்தே தீரவேண்டும் என்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் நர்ஸம்மா டேப்பை எடுத்தார். 2019-ல் மத்திய அரசு தொடங்கிய இ-சஞ்சீவனி என்ற ஏற்பாடு ஒன்று இருக்கிறது. கிராமத்துச் சுகாதார நிலையத்திலிருந்தே, வெளியூரில் இருக்கும் டாக்டரைத் திரையில் கூப்பிட்டுப் பேசலாம். நர்ஸம்மா பெரியம்மாவைத் துணை சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் ஒரு டாக்டரைப் பிடித்தார். அவர், "கிட்டக் கொண்டுவாங்க... விரலை அழுத்துங்க... இந்தப் பக்கம் திருப்புங்க" என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தார். "காலையில் அல்ல, இன்று ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்கு" என்றார். ஒரு விரல் போயிற்று. கால் தப்பியது.

இரண்டு வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தபோது எனக்கு ஒரே கோபம். "டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை?" என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "அவரு கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேனே ராசா. கேக்காமே, அவ்வளவு பெரிய மனுசரு முகத்துக்கு நேரா காலைத் தூக்கிக் காட்டறதா?" என்றாள்.

கோபம் டாக்டர் மேல் திரும்பியது. ஊருக்குத் திரும்புமுன் அவரைப் போய்ப் பார்த்தேன். அவர் சண்டைக்கு வரவில்லை. "காலைப் பார்க்காதது என் தப்பு" என்றார். பிறகு மெதுவாக, "அன்றைக்கு 140 பேர் வந்திருந்தார்கள். ஒவ்வொருவரையும் இதில் ஏற்ற வேண்டும். நடுவில் நெட்வொர்க் போய்விட்டால் நோட்டில் எழுதிவைத்து, ராத்திரி திரும்ப ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் நான் பார்க்கவே இல்லை என்றுதான் கணக்கு. எண் குறைந்தால் மேலேயிருந்து போன் வரும். காலைப் பார்த்தாயா என்று கேட்டு இதுவரை ஒரு போன்கூட வந்ததில்லை, சார்" என்றார்.

அந்தப் பதில் என்னை விடவில்லை. ஒரே மாதிரிக் கருவி. ஓரிடத்தில் அது பெரியம்மாவின் காலை மறைத்தது. இன்னோரிடத்தில் அதே காலைக் காப்பாற்றியது. அப்படியானால் கருவியை எப்படிக் குற்றம் சொல்வது? யாரைத்தான் சொல்வது?

யந்திரம் வந்தால் மனிதத்தன்மை போய்விடும் என்று புலம்புகிற கட்சியில் நான் இல்லை. டாக்டர்கள் கழுத்தில் தொங்குகிறதே ஸ்டெதஸ்கோப், அதுவும் ஒரு காலத்தில் புதுமைதான். 1816-ல் பாரிஸ் நகரத்தில் லானெக் என்ற டாக்டர், இதய நோயோடு வந்த ஓர் இளம் பெண்ணைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. அந்த நாள் வழக்கப்படி மார்பில் காதை வைத்துக் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு காகிதக் கற்றையைக் குழாயாகச் சுருட்டி, ஒரு முனையை அவள் நெஞ்சிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். நேரே காது வைத்தால் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்டதாம்! மரத்தில் குழாய் கடைந்து, மூன்று வருஷம் கழித்து அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார்.

யோசித்துப் பார்த்தால், அந்தக் குழாயும் டாக்டரை நோயாளியிடமிருந்து ஒரு சாண், இரண்டு சாண் விலக்கித்தான் வைத்தது. ஆனாலும் அதனால் கெடுதல் வரவில்லை. காரணம், குழாயின் மறுமுனை நோயாளியின் நெஞ்சில் இருந்தது.

இந்தப் புதுக் குழாயின் மறுமுனை எங்கே இருக்கிறது? நான் கேட்க விரும்புவது இவ்வளவுதான். நர்ஸம்மாவின் கையில் அது பெரியம்மாவின் பாதத்தில் இருந்தது. டாக்டரின் மேஜையில், அது எங்கோ ஓர் ஆபீஸில், எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கிறவரின் காதில் இருந்தது.

கணக்கே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் 'பிக்மி' ஏற்பாடு 2008 முதல் இருக்கிறது. நம் பெண்கள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவர்கள். புருஷன் ஊர் நர்ஸின் நோட்டில் எழுதியிருந்த ரத்தச் சோகையும் ரத்தக் கொதிப்பும், பஸ் ஏறித் தாய்வீட்டுக்கு வருமா? பதிவு எண் அவளோடு வரும். அந்த எண் அவளுக்குத் துணை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவ'த்தில் வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கிறார்களே, யாருக்கு எந்த மாதம் எந்த மாத்திரை என்று கணக்கில்லாமல் அது நடக்குமா? கணக்கு, நோயாளிக்காக எழுதப்படும்போது கருணையின் ஞாபகசக்தி. நோயாளியை வைத்து எழுதப்படும்போது அது வெறும் கணக்கு.

வள்ளுவர், மருத்துவன் அளந்து அறிய வேண்டியவற்றைச் சொல்லும்போது நோயுற்றவனின் அளவை முதலில் வைத்தார். நோயின் அளவை அதற்குப் பிறகுதான் வைத்தார். காலம் மூன்றாவது. நம் கருவிகள் இரண்டாவதை அற்புதமாக அளக்கின்றன. முதலாவதை அளக்க, ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்க வேண்டியிருக்கிறது. 140 பேரை எதிரே நிறுத்தி, ஒவ்வொருவரையும் இரண்டு தடவை எழுதச் சொல்லி, மூன்றாவதான காலத்தையும் அந்த இளைஞரிடமிருந்து பிடுங்கிக்கொண்ட பிறகு, அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமா? அவர் தப்பு அவருடையதுதான். அதை அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் போன் பண்ணி எண்ணைக் கேட்டவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

இதை எழுதிக்கொண்டு வரும்போதுதான் சுருக்கென்று ஒன்று தைத்தது. போன் பண்ணி எண்ணைக் கேட்டவர்களில் நானும் ஒருவன் அல்லவா? ஞாயிறு தவறாமல் கேட்டேன். சின்ன எண் வந்தால் திருப்திப்பட்டேன். என் குழாயின் மறுமுனையும் பெரியம்மாவிடம் இல்லை. என் நிம்மதியின் மேல் இருந்தது. மனச்சாட்சிக்கு அனுப்பவேண்டிய வாராந்தர ரிப்போர்ட்டுக்கு ஓர் எண் வேண்டியிருந்தது, அவள் கொடுத்தாள். ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற முகம் தெரியாத அந்த மனிதரை இனி நான் எப்படித் திட்டுவேன்?

இப்போதெல்லாம் முகம் பார்த்துப் பேசுகிற போனில்தான் அழைக்கிறேன். என்ன சாப்பிட்டாள், யார் வந்தார்கள், ஓடு ஒழுகுகிறதா என்று கேட்கிறேன். கடைசியில், "பெரியம்மா, காலைக் காட்டு" என்பேன்.

"போடா, போன்லே காலைக் காட்டச் சொல்றான் பாரு" என்று சிரிப்பாள். பிறகு பக்கத்து வீட்டுப் பெண் போனை வாங்கித் தாழப் பிடிப்பாள். நான்கு விரல்களோடு அந்தப் பாதம் திரையில் வரும். நான் அவசரப்படாமல் பார்ப்பேன்.