ஊட்டுபவர் கடமையும் உண்பவர் உரிமையும்

பசித்தவருக்கு உணவளிப்பது தருமம் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்தத் தருமம் எங்கே நிறைவேறுகிறது? கொடுப்பவர் கையிலா, உண்பவர் தொண்டையிலா? விழுங்கச் சிரமப்படும் பிள்ளை உள்ள வீடுகளில் இக்கேள்வி தினமும் மூன்று வேளையும் எழுகிறது.

நமது ஊர்களில் சோறு தீத்துவது தாயன்பின் அடையாளம். கதை சொல்லி, நிலவைக் காட்டிக் கடைசிக் கவளம்வரை ஊட்டுவோம். கோப்பை காலியானால்தான் மனம் ஆறும். ஆனால் குறைமாதத்தில் பிறந்த, மூளைவாதம் உள்ள, அல்லது அண்ணப்பிளவுடன் பிறந்த பிள்ளைகள் பலரின் நிலை வேறு. தொண்டை மூச்சுக்கும் உணவுக்கும் பொதுவழி. விழுங்கும் கணத்தில் மூச்சுவழி மூடிக்கொள்ள வேண்டும். அது பிசகினால் உணவு நுரையீரலுக்குள் இறங்கும். சில பிள்ளைகளுக்கு இருமல்கூட வராது. அத்தகைய பிள்ளை வாயை மூடி முகத்தைத் திருப்புவது பெரும்பாலும் பிடிவாதமல்ல, தற்காப்பு.

எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பது பெற்றோர் பொறுப்பு. உண்பதா, எவ்வளவு உண்பது என்பது பிள்ளையின் பொறுப்பு என்றார் அமெரிக்க உணவியலாளர் எலின் சாட்டர். "அப்படியானால் பட்டினி கிடக்க விடுவதா?" என்று பாட்டிமார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வற்புறுத்தலும் கைவிடுதலும் மட்டுமே வழிகளல்ல. பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் விழுங்குவதை எக்ஸ்ரே படமாகப் பார்த்து, உட்காரும் விதத்தையும் உணவின் பதத்தையும் மாற்றித் தருவார்கள். தேவைப்பட்டால் மருத்துவர்கள் வயிற்றுக்கே குழாய் வைப்பார்கள். அதுவும் ஊட்டுதல்தான், தாயின் தோல்வியல்ல.

1986 இல் வந்த மத்திய அரசின் சட்டத்தையொட்டி, நியூ ஜெர்சியில் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஆரம்பத் தலையீட்டுச் சேவை உண்டு. இதற்கான மதிப்பீட்டுக்குக் கட்டணமில்லை. "ஊரார் என்ன சொல்வார்கள்" என்று தயங்கினால் இழப்பு பிள்ளைக்கே.

அந்த "ஊரார்" நாம்தான். கோயில் மண்டபத்தில் "ஏன் பிள்ளை இப்படி மெலிந்திருக்கிறது?" என்று தாயைக் கேட்பதை நிறுத்துவோம். பிரசாதமே என்றாலும், பெற்றோரைக் கேளாமல் பிறர் பிள்ளையின் வாயில் கடலையோ கற்கண்டோ முந்திரியோ வைக்க வேண்டாம். நான்கு வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளைக்கும் இவை தொண்டையில் அடைக்கக்கூடியவை.

கணக்காளனாகச் சொல்கிறேன்: கொடுத்ததை மட்டும் பதிந்து, பெற்றதைப் பதியாத பேரேடு ஒருபோதும் சமப்படாது. பிள்ளை பத்திரமாக விழுங்கிய இரண்டு கரண்டி, அழ அழத் திணித்த ஒரு கோப்பைச் சோற்றைவிடப் பெரிய அன்னதானம்.