பக்கத்து வீட்டுக் காற்றுக்கு என்ன விலை?

ஆடி பிறந்துவிட்டால் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் கால் நகராது, கூட்டம்தான் ஆளை நகர்த்தும். மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களில் வீடுகளுக்கென்று பிரித்த மனைகள் இவை. உஸ்மான் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் இன்று அடுக்குமாடிக் கடைகள். குறுக்குத் தெருக்களில் இன்னும் குடியிருப்போருக்கு வீட்டு வாசல் தங்களுடையதுதானா என்பதே சந்தேகம்.

கூட்டத்தைக் குற்றம் சொல்வது எளிது, நியாயமில்லை. வெளியூரிலிருந்து கல்யாணத்துக்குத் துணி எடுக்க வரும் குடும்பத்துக்கு ஒரே கூரையின்கீழ் மலிவாக எல்லாம் கிடைப்பது பெரிய உதவி. குறைப்படும் தெருக்காரர்கள் கையிலும் அதே கடையின் பை உண்டு.

தவறு வேறு இடத்தில் இருக்கிறது. வரைபடத்தில் அடித்தளம் பார்க்கிங். கட்டி முடித்தபின் பல இடங்களில் அது குடோன். வாடிக்கையாளரின் கார் எதிர்வீட்டு கேட்டை அடைத்து நிற்கும். தீயணைப்பு வண்டி சுற்றிவர விடவேண்டிய பக்க இடைவெளியும் இப்படித்தான் கரைகிறது. கடைக்காரர் தம் மனைக்குள் ஏற்க வேண்டிய செலவைத் தெரு ஏற்கிறது. தள்ளுபடியில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. பில்லில் மட்டும் அது ஏறுவதில்லை.

இதற்கு அரசு கண்ட வழி வரன்முறை. 1998இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவைச் சேர்த்து, கட்டணம் வாங்கிக்கொண்டு விதிமீறலை ஏற்க வழி செய்தார்கள். ஒரே ஒரு முறைக்கு என்பதால் 2000இல் உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்தது. பிறகும் நீட்டிப்புகள் வந்தன. 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. 2012இல் 113-சி என்ற பெயரில் அதே யோசனை திரும்பி வந்தது. பறிபோனது பக்கத்து வீட்டின் காற்றும் வெளிச்சமும். பணம் போனதோ அரசு கஜானாவுக்கு. இன்னொருவர் பொருளை விற்றுக் கொடுக்க அரசுக்கு உரிமை எங்கிருந்து வந்தது?

2011 அக்டோபர் இறுதியில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) விதிமீறலுக்காக இங்கே பல கடைகளுக்கு சீல் வைத்தது. தென் மாவட்டங்களிலிருந்து வந்து இந்தக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளின் பிழைப்பு என்னாகும் என்ற கேள்வி உடனே எழுந்தது. 2012 ஜனவரியில், பொங்கல் நெருங்கும்போது, தற்காலிகமாகத் திறக்க உச்ச நீதிமன்றம் இசைந்தது. பிழைப்பு பற்றிய அந்தக் கேள்வியைத் தட்டிவிட முடியாது. நாள் முழுக்க நின்றே வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்ததே 2021இல்தான்.

ஆனால் அவர்களைக் கேடயமாக்கும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் கட்டடம் எரிந்தபோது, விடிகாலையில் உள்ளே சிக்கி மீட்கப்பட்டவர்கள் வாடிக்கையாளர்கள் அல்ல, ஊழியர்கள். அதற்கு 9 ஆண்டு முன், 2008 செப்டம்பர் 1 அன்று, ரங்கநாதன் தெரு சரவணா ஸ்டோர்ஸ் தீயில் இருவர் இறந்தார்கள். அவர்களும் கடை ஊழியர்கள்தான்.