உறவை வைத்து அறியப்படும் உலோகம்

வேதியியல் கையேடுகள் பலவற்றில் பிரான்சியத்தின் உருகுநிலை 27 டிகிரி செல்சியஸ் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த உலோகம் உருகியதை எவரும் கண்டதில்லை, உருக்குவதற்கு ஒரு துணுக்கை எவரும் சேர்த்து வைத்ததுமில்லை. லித்தியம் முதல் சீசியம் வரையிலான கார உலோகங்கள், அதாவது வெளிக்கூட்டிலுள்ள ஒற்றை எலக்ட்ரானை எளிதில் இழந்துவிடும் மென்மையான உலோகங்கள், அட்டவணையில் கீழே போகப்போகக் குறைந்த வெப்பத்திலேயே உருகுகின்றன. ஆகவே அக்குடும்பத்தின் கடைசிப் பிள்ளையான 87ஆம் தனிமம், 28.5 டிகிரியில் உருகும் சீசியத்தைவிடச் சற்று முன்னதாக உருகும் என்று கணக்கிட்டு எழுதிய எண் அது. இயற்கையில் உள்ள பிரான்சியம்-223இன் அரை ஆயுட்காலம், அதாவது இருக்கும் அணுக்களில் பாதி சிதைந்து வேறு தனிமமாக ஆகும் நேரம், 22 நிமிடம்தான். நான்கு மணி நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. பூமியின் மேலோடு முழுவதையும் சலித்தாலும் ஒரு நேரத்தில் 30 கிராமுக்கு மேல் தேறாது என்பது மதிப்பீடு. கண்ணுக்குத் தெரியும் அளவு திரட்டினாலோ, சிதைவின் வெப்பமே அதை ஆவியாக்கிவிடும்.

கையில் எடுத்துப் பார்க்க முடியாததை அதன் உற்றாரை வைத்து மதிப்பிடுவது அறிவியலுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. பெண் பார்க்கப் போன வீட்டிலும், வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்திலும், எதிரே உட்கார்ந்திருப்பவரைவிட அவர் யார் வீட்டுப் பிள்ளை, எங்கே படித்தவர் என்பதே முதலில் விசாரிக்கப்படுகிறது. தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பது இந்தக் கணக்குக்கு வாய்ப்பாடாகவே ஆகிவிட்டது. இம்முறை பெரும்பாலும் பொய்ப்பதில்லை என்பதுதான் சிக்கல். அடிக்கடி பலிக்கும் கணிப்பு, நேரில் கண்டறிந்ததன் இடத்தில் மெல்ல உட்கார்ந்துகொள்கிறது.

பிரான்சியம் அந்தக் கணிப்பை ஓரிடத்தில் மீறுகிறது. வெளி எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கத் தேவையான அயனியாக்கும் ஆற்றல், லித்தியத்தில் 5.39 எலக்ட்ரான் வோல்ட்டாகத் தொடங்கிப் படிப்படியாக இறங்கிச் சீசியத்தில் 3.89 ஆகிறது, அந்த இறக்கம் பிரான்சியத்திலும் தொடர வேண்டும், ஆனால் அதன் மதிப்போ 4.07. 87 புரோட்டான்கள் கொண்ட அணுக்கருவின் அருகே எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தில் கணிசமான பங்கை எட்டுவதால், சார்பியல் விளைவாக வெளி எலக்ட்ரானும் உள்ளிழுக்கப்பட்டு இறுகப் பிடிக்கப்படுகிறது. தண்ணீரில் போட்டால் எல்லா உலோகங்களையும்விடக் கடுமையாக வெடிப்பது இதுவே என்று அடித்துச் சொல்பவர்கள், போட்டுப் பார்த்தவர்கள் அல்லர்.

இதைக் கண்டுபிடித்த மார்கரீத் பெரேயும் இப்படிப்பட்ட கணக்குக்குள் அடங்காதவர். 1929இல் பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமலே பாரிசின் ரேடியம் நிறுவனத்தில் மேரி கியூரிக்கு உதவியாளராகச் சேர்ந்த அவர், ஆக்டினியத்தைப் பிற கதிரியக்கப் பொருள்களிலிருந்து பிரித்துத் தூய்மையாக்கும் அலுப்பான வேலையில் ஆண்டுக்கணக்கில் கைதேர்ந்தார். 1939 ஜனவரியில், அப்போதுதான் தூய்மையாக்கிய ஆக்டினியத்தில் முதல் சில நிமிடங்களுக்குள்ளேயே எதிர்பாராத பீட்டாக் கதிர்வீச்சு ஏறுவது அவர் கண்ணில் பட்டது. கை கொஞ்சம் மெதுவாக இருந்திருந்தால், ஆக்டினியத்தின் மற்ற வழித்தோன்றல்களின் கதிர்கள் அதை மூடியிருக்கும். கரைசலில் சீசியம் உப்பைச் சேர்த்துப் பெர்குளோரேட்டாகப் படியவைத்தபோது, அந்தக் கதிர்வீச்சும் சீசியப் படிகங்களோடு ஒட்டிக்கொண்டு இறங்கியது; உறவு உண்மையாகவே அடையாளம் காட்டிய இடம் இது. அவர் முனைவர் பட்டம் பெற்றது 1946இல்தான். 1911இல் மேரி கியூரியை ஏற்க மறுத்த பிரெஞ்சு அறிவியல் அகாதெமி, 1962இல் பெரேயைத் தொடர்பு உறுப்பினராகத் தேர்ந்தது. ஒரு பெண்ணை அது தேர்ந்தது அதுவே முதல் முறை.

பின்னர் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில், தங்கத்தின்மேல் ஆக்சிஜன் அயனிகளை மோதவிட்டு உண்டாக்கிய பிரான்சியம்-210 அணுக்களை, ஒளியும் காந்தப்புலமும் சேர்ந்த பொறியில் பிடித்து, ஏறத்தாழ 2 லட்சம் அணுக்கள் உமிழ்ந்த ஒளியைப் படம் எடுத்தார்கள். அவற்றின் அரை ஆயுட்காலம் மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டும். முகம் என்று சொல்லத்தக்கதாக இந்த உலோகம் காட்டியிருப்பது அந்தச் சிறு ஒளித்திட்டு ஒன்றைத்தான். கையேட்டில் உருகுநிலைக்கு எதிரே இன்னும் சீசியத்தின் தயவில் 27 நிற்கிறது.