ஆதார சுருதி

பிறிதொன்றின் துணையின்றி, கேட்ட மாத்திரத்தில் இன்ன சுரம் என்று உரைக்கவல்ல செவி மிகச் சிலர்க்கே வாய்ப்பது. இராயபுரத்தில் கேட்கும் துறைமுகக் கப்பலின் ஊதொலியும் அன்னார்க்குப் பெயருடைய ஒரு சுரம். ஏனையோர் ஒன்றோடொன்றை ஒப்பிட்டே அறிவர். இவ்விருவருள் உண்மையைக் கேட்பவர் யார்?

ஸ்ரீ தியாகராஜ சுவாமிகளின் சீடரும், ‘கோபாலதாச’ முத்திரையிட்டுப் பாடியவருமான திருவொற்றியூர் வீணை குப்பய்யரின் கிருதியை ஒருவர் ஒரு கட்டையில் பாடலாம். மற்றொருவர் ஐந்து கட்டையில் பாடலாம். இராகம் மாறுவதில்லை. 1939இல் இலண்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு ‘ஏ’ என்னும் சுரத்திற்கு வினாடிக்கு 440 அதிர்வுகள் என வரையறுத்தது. நம் ஷட்ஜத்துக்கு அத்தகைய எண் எதுவுமில்லை. பாடுவோர் குரலே அதன் இருப்பிடம்.

அங்ஙனமாயின் எதுவும் சரியென்று ஆகிவிடுமோ? ஆகாது. ஷட்ஜம் எங்கு நின்றாலும் பஞ்சமம் அதன் ஒன்றரை மடங்கிலேயே நின்றாக வேண்டும். இம்மி பிசகினும் தம்புரா காட்டிக்கொடுத்துவிடும். அந்த அபூர்வச் செவியோ, முதுமையில் அரைச் சுரம் பிறழ்ந்து கேட்பதுண்டென ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். விகிதத்துக்கு அக்குறை இல்லை.

வீதிப் புறப்பாட்டில் அருளிச்செயல் கோஷ்டிக்குத் தம்புராவும் கிடையாது. தொடங்குபவர் எடுத்த குரலே ஆதாரம். உச்சக் குரலினர் தணிந்தும், தணிந்த குரலினர் சற்றே உயர்ந்தும் அதனோடு சேர்ந்து சேவிப்பர். பழகிய பாசுரம் வேறு சுருதியில் எழும்போது, அபூர்வச் செவி படைத்தவர்க்கே அவ்வாறு சேர்வது அரிதாகின்றது.