அளந்து பார், பிறகு ஓடு!

உன்னை எந்த செக்‌ஷனில் போட்டார்கள்?

ஏ செக்‌ஷனா, ஈ செக்‌ஷனா? காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு பட்டியல் ஒட்டி, மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கிற பள்ளிகள் சென்னையிலும் உண்டு, ஹைதராபாத்திலும் உண்டு. கடைசிப் பிரிவுக்குப் போன பையனிடம் யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல ஆசிரியர்கள் மேல்மாடிக்குப் போய்விடுவார்கள். ஃபேன் ஓடாத அறை இவனுக்கு வரும். வீட்டில் அப்பா பேப்பரை மடக்கி வைத்துவிட்டு எழுந்து போவார். அத்தை மகள் வாங்கிய மார்க்கை அம்மா மூன்றாவது முறையாகச் சொல்லிக் காட்டுவார். பதினைந்து வயதில் ஒருவன் தன்னைப் பற்றிய தீர்ப்பைத் தானே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுவான்: நான் இவ்வளவுதான்.

யாரப்பா உன்னைக் கையெழுத்துப் போடச் சொன்னது?

ஜப்பான்காரர்கள் இந்தக் கடைசிப் பிரிவை வைத்தே ஒரு கதை செய்திருக்கிறார்கள். யூசெய் மட்சுயி எழுதி வரைந்த ‘அசாசினேஷன் கிளாஸ்ரூம்’, 2012 முதல் 2016 வரை ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ இதழில் தொடராக வந்தது. 2015இல் அனிமே ஆயிற்று. கதையைச் சொன்னால் சிரிப்பாய். குனுகிகாவோகா என்ற பெரிய பள்ளி. அதன் மூன்றாம் ஆண்டு ஈ பிரிவை மட்டும் மலைமேல் ஒரு பாழடைந்த மரக் கட்டடத்தில் தள்ளி வைத்திருக்கிறார்கள். மாணவர்களில் ஒரு சின்னக் கூட்டத்தை எல்லோர் கண்ணெதிரிலும் சிறுமைப்படுத்தினால், அந்தக் கதி நமக்கு வரக்கூடாதென்று மற்றவர்கள் விழுந்து விழுந்து படிப்பார்கள் என்பது பள்ளித் தலைவரின் கணக்கு. அந்த வகுப்புக்கு ஆசிரியராக வருவது மஞ்சள் நிறத்தில், ஆக்டோபஸ் கைகளோடு, எப்போதும் இளித்துக்கொண்டிருக்கும் ஒரு ஜந்து. நிலவின் பெரும்பகுதியை அழித்தது தானே என்கிறது. அடுத்த மார்ச்சில் பூமியையும் அழிப்பேன் என்கிறது. ஒலியைப்போல் இருபது மடங்கு வேகத்தில், அதாவது மாக் இருபதில், பறக்கிறது. அதைக் கொல்லும் வேலையை அரசாங்கம் பிள்ளைகளிடமே ஒப்படைக்கிறது; கொன்றால் ஆயிரம் கோடி யென் பரிசு. அவர்கள் அதற்கு வைக்கும் பெயர் கோரோ சென்செய்.

அபத்தம்தான். ஆனால் அந்த ஜந்து வகுப்பில் என்ன செய்கிறது என்று கவனி. ஒரே வினாத்தாளை எல்லோருக்கும் நீட்டுவதில்லை. யாருக்கு எந்தப் பாடத்தில் எந்த இடம் இடறுகிறது என்று பார்த்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கேள்வி எழுதுகிறது. ஒகுடா என்று ஒரு பெண். வேதியியலில் புலி, மொழிப்பாடம் சுத்தமாக வராது. தான் காய்ச்சிய விஷத்தை நேராகக் கொண்டுபோய், “குடித்துவிட்டுச் செத்துப்போங்கள்” என்கிற தோரணையில் ஆசிரியரிடமே நீட்டுகிறாள். சென்செய் அவளைத் திட்டவில்லை. குடித்துக் காட்டிவிட்டு, விஷம் வேலை செய்ய வேண்டுமானால் முதலில் எதிராளி அதை நம்பி வாங்கிக் குடிக்க வேண்டும், அதற்குப் பேச்சு வேண்டும், பேச்சுக்கு மொழி வேண்டும் என்று அவளுக்கு உறைக்க வைக்கிறது. அதுவரை அவள் ‘மொழியில் மக்கு’. அந்தப் பொழுதிலிருந்து, தனக்கு எது குறைகிறது, எதற்காக அது வேண்டும் என்று தெரிந்த ஒரு வேதியியல் மாணவி. இந்த இரண்டு பேரும் ஒன்றா?

கதையின் போக்கில் அந்த ஈ பிரிவு முழுவதும் பள்ளியின் முதல் ஐம்பது இடங்களுக்குள் வருகிறது. அது கதை. மாக் இருபதில் பறந்து வந்து உன் நோட்டுப் புத்தகத்தைத் திருத்த எந்த வாத்தியாரும் வரப்போவதில்லை. இந்தத் தொடரில் எனக்குள்ள ஒரே மனக்குறையும் அதுதான்: எல்லாம் தெரிந்த ஆசிரியர் வந்த பிறகுதான் அந்தப் பிள்ளைகள் நிமிர்கிறார்கள். வராவிட்டால்?

அதற்குப் பதில் தேடி ஜப்பான் போக வேண்டாம். ஹைதராபாத்துக்கு வா. செகந்திராபாத் பக்கம், போவன்பள்ளி.

போவன்பள்ளி என்றதும் ஊர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது காய்கறிச் சந்தை. லாரி லாரியாகத் தக்காளியும் கோஸும் வந்து இறங்கும் இடம்; அழுகியதும் நசுங்கியதும் மலையாகக் குவியும். உன்னைப் பார்த்து எத்தனை பேர் ‘வேஸ்ட்டு’ என்று சொல்லியிருப்பார்கள்? மனிதனைக் குப்பையோடு ஒப்பிட்டது அவர்கள், நானில்லை. ஆனால் ஒப்பிட்டவர்கள் இந்தச் சந்தைக்கு வந்து பார்க்கட்டும். 2021 கணக்குப்படி, தினமும் சேரும் சுமார் 10 டன் காய்கறிக் கழிவிலிருந்து ஏறக்குறைய 500 யூனிட் மின்சாரமும் 30 கிலோ எரிபொருளும் எடுக்கிறார்கள். 2021 ஜனவரி 31 அன்று பிரதமர் தம் வானொலி உரையில் எடுத்துச் சொன்ன சந்தை இது. தொழில்நுட்பம், அதே நகரத்தில் இருக்கும் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்தினுடையது. கழிவைத் தரம்பிரித்து, அரைத்து, கூழாக்கி, காற்றுப் புகாத கலனில் விட்டு, நுண்ணுயிரிகள் வேலை செய்ய நேரம் கொடுக்கிறார்கள். குவியல் முன்னால் நின்று “உன்னால் முடியும், உன்னால் முடியும்” என்று யாரும் கத்தவில்லை.

அதே போவன்பள்ளியில், சந்தையின் இரைச்சலுக்கு எட்டத்தில், மனோவிகாஸ் நகர் என்று ஒரு வளாகம் இருக்கிறது. அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம். 1984இல் தொடங்கியது. ஈ பிரிவுகூட இவர்களுக்கு எட்டாது என்று ஊர் நினைத்த பிள்ளைகளுக்கான இடம். அவர்களுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியர்களையும் அங்கே பயிற்றுவிக்கிறார்கள். கோரோ சென்செய் செய்ததை, ஆக்டோபஸ் கைகளும் மாக் இருபது வேகமும் இல்லாமல் செய்கிறவர்கள் அவர்கள்.

எப்படி என்று கேள். சட்டைப் பொத்தான் போடத் தெரியாத ஒரு சிறுவன். நாம் என்ன செய்வோம்? “இத்தனை வயசாச்சு, இதுகூடத் தெரியலையா” என்று நாமே போட்டுவிடுவோம். சிறப்பாசிரியர் அந்த ஒரு வேலையைப் பல துண்டுகளாக உடைக்கிறார். துணியைப் பிடிப்பது, துளையைக் கண்டுபிடிப்பது, பொத்தானின் விளிம்பைத் துளையில் நுழைப்பது, மறுபக்கம் விரலால் பற்றுவது, இழுப்பது. பிறகு கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறார். முக்கால்வாசி வேலையைத் தானே செய்து, பொத்தான் பாதி வெளியே வந்த நிலையில், “இப்போ இழு” என்கிறார். சிறுவன் இழுக்கிறான். பொத்தான் மாட்டிவிட்டது! முதல் நாளே, ஒரு வேலையை முடித்தவன் அவன். மறுநாள் கடைசி இரண்டு படிகள். இப்படியே பின்னோக்கிப் போய், ஒரு நாள் முழுச் சட்டையும் அவன் கையில். நீ உன் வாழ்நாளில் கேட்ட தன்னம்பிக்கைப் பேச்சுகளை எல்லாம் ஒரு தட்டில் வை. இந்தப் பாதிப் பொத்தானை மறுதட்டில் வை. எது கனம் என்று நீயே சொல்.

இந்த முறையின் உயிர் அளப்பதில் இருக்கிறது. நம் சென்னையிலிருந்து, விஜய் ஹியூமன் சர்வீசஸ் அமைப்பின் ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கிய ‘மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்’ என்ற பட்டியலைச் சிறப்பாசிரியர் பயிற்சி எடுத்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 18 துறைகள், துறைக்கு 20 வீதம் 360 செயல்கள். உண்பது, உடுப்பது, நடப்பது, பேசுவது, எண்ணுவது, காசு புழங்குவது. ஒவ்வொன்றிலும் பிள்ளை எங்கே நிற்கிறான் என்று குறிக்க வேண்டும். மனோவிகாஸ் நகரிலும் ஜெயந்தி நாராயணும் உடன் பணியாற்றியவர்களும் இதேபோல் ஒரு மதிப்பீட்டுப் பட்டியல் செய்தார்கள். அதில் ஒரு நிலையின் செயல்களில் 80 விழுக்காடு கைவந்தால் பிள்ளை அடுத்த நிலைக்குப் போகிறான். பக்கத்துப் பிள்ளையோடு போட்டி கிடையாது. ரேங்க் கிடையாது. நேற்று எந்தக் கட்டம் காலியாக இருந்தது, இன்று எது நிரம்பியது, அவ்வளவே கேள்வி.

உன் ரேங்க் கார்டு உன்னைப் பற்றி என்ன சொல்கிறது? நாற்பத்தொன்றாம் இடம் என்கிறது. எந்தக் கணக்கில், எந்த வரியில் சறுக்கினாய் என்று சொல்கிறதா? அளவுகோல் என்ற பெயரில் ஒரு முத்திரையை உன் நெற்றியில் குத்திவிட்டு, அளந்துவிட்டோம் என்கிறார்கள். நீயும் நம்பிவிட்டாய்.

இப்போது தீப்தியின் கதைக்கு வா.

தெலங்கானாவில், வாரங்கல் பக்கம் கல்லெடா என்றொரு கிராமம். ஜீவாஞ்சி தீப்தி அங்கே 2003இல் பிறந்தாள். கூலி வேலை செய்யும் பெற்றோர். பிறவியிலேயே முகத்தில் மாறுபாடு, அறிவுசார் குறைபாடு. ஊர் அவளைப் பைத்தியம் என்றது, குரங்கு என்றது. அநாதை இல்லத்தில் விட்டுவிடுங்கள் என்று பெற்றவர்களுக்கே யோசனை சொன்னது. அழுதுகொண்டு வீடு திரும்பிய பிள்ளைக்கு ஒன்று மட்டும் வந்தது: ஓட்டம். கிராமத்துப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் அதைப் பார்த்தார். பிறகு தடகளப் பயிற்சியாளர் நாகபுரி ரமேஷ் பார்த்தார். ஹைதராபாத்துக்கு அனுப்பச் சொன்னார். பாட்மின்டன் பயிற்சியாளர் புல்லேலா கோபிசந்த், இந்தப் பெண் மாற்றுத்திறனாளிகள் பிரிவில் ஓடலாமே என்று வழிகாட்டினார். அதற்கு முறையான பரிசோதனை வேண்டும். எங்கே அழைத்துப் போனார்கள் தெரியுமா? செகந்திராபாத்தில் இருக்கும் அந்தத் தேசிய நிறுவனத்துக்குத்தான்.

இந்த இடத்தில் நின்று யோசி. ஊர் பல வருடமாக அவள் மேல் எறிந்த அதே குறை. அதை ஒரு நிறுவனம் முறைப்படி அளந்தபோது, அது டி20 பிரிவில் ஓடுவதற்கான தகுதி ஆயிற்று. கிரிக்கெட்டை நினைக்காதே, அறிவுசார் குறைபாடுள்ள தடகள வீரர்களுக்கான பிரிவின் பெயர் அது. திண்ணையில் வசவாக இருந்தது, மைதானத்தில் ஓடுபாதை ஆனது. குறை மாறவில்லை. அளந்த கை மாறியது.

பிறகு நடந்தது பதிவேட்டில் இருக்கிறது. 2023 அக்டோபரில் ஹாங்சௌ ஆசியப் பாரா விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம். 2024 மே மாதம் ஜப்பானின் கோபேயில் உலகப் பாரா தடகளப் போட்டியில் 55.07 நொடி, உலகச் சாதனை. அதற்கு முந்தைய சாதனை 55.12. வித்தியாசம் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு! கண் இமைக்கும் நேரம்கூட இல்லாத அந்தத் துணுக்குக்காக எத்தனை விடியல் எழுந்து ஓடியிருப்பாள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேடைப் பேச்சாளர்கள் இதை விட்டுவிடுவார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பாரிஸ் பாராலிம்பிக்கில் தகுதிச் சுற்றிலேயே துருக்கியின் அய்செல் ஒண்டெர் அவளுடைய உலகச் சாதனையை முறியடித்துவிட்டார். இறுதிப் போட்டியில் தீப்தி 55.82 நொடியில் வந்தாள்; மூன்றாம் இடம், வெண்கலம். கோபேயில் ஓடிய ஓட்டத்தைவிட முக்கால் நொடி அதிகம். ஆனாலும் பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய அறிவுசார் குறைபாடுள்ள முதல் இந்தியர் அவள். சாதனை கை நழுவிய பிறகும் கோட்டில் போய் நின்றாள் பார், அதைச் சொல்கிறேன். நீ ஒரு மாதத் தேர்வில் மார்க் குறைந்ததற்கு மூன்று நாள் போர்வைக்குள் படுத்துக் கிடந்தாய்!

கோபம் வருகிறதா? வரட்டும். ஆனால் அதை உன்னைக் கடைசிப் பிரிவில் போட்டவர்மேல் செலவழித்துத் தீர்த்துவிடாதே. அவருக்கு அது ஒரு காகிதம். அடுத்த வருடம் வேறு காகிதம் ஒட்டுவார். உன் கோபத்துக்கு இதைவிடப் பெரிய வேலை இருக்கிறது. ‘எனக்குக் கணக்கு வராது’ என்ற பொய்யை உடைக்கும் வேலை. கணக்கு என்பது ஒரு பொருளா, வருவதற்கும் வராததற்கும்? அது நூறு சின்னச் செயல்கள். அதில் அறுபது உனக்குத் தெரியும். முப்பது அரைகுறை. பத்து தெரியவே தெரியாது. எந்தப் பத்து? அதைச் சொல்லத் தெரியாதவரை நீ மக்கு இல்லை, அளக்கப்படாதவன்.

அளக்கப்படுவதற்குக் கூச்சப்படாதே. ஏழாம் வகுப்புப் பின்னம் தெரியாமல் பத்தாம் வகுப்பு வரை வந்துவிட்டாயா? ஏழாம் வகுப்புப் புத்தகத்தை வாங்கு. தம்பியின் புத்தகமாக இருந்தாலும் சரி, எடு. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சேர்ந்தாற்போல வரவில்லையா? ‘பூர்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்ததோடு நிறுத்தாமல், எது வரவில்லை என்று ஆசிரியரிடமே கேள். “சார், இதில் நான் எந்த இடத்தில் விட்டேன்?” கேட்கிற பையனைத் துரத்துகிற ஆசிரியர் குறைவு. துரத்தினால் இன்னொருவரைக் கேள். சீனியர் அக்காவைக் கேள். தீப்தியை முதலில் பார்த்தவர் உலகப் பயிற்சியாளர் இல்லை, கிராமத்துப் பள்ளியின் விளையாட்டு வாத்தியார்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரே ஒரு வார்த்தை, பிறகு உன்னிடமே திரும்பி வருகிறேன். ஐயா, அம்மா, பிள்ளையைப் பார்த்து ‘முயற்சி பண்ணு’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எதை என்று சொல்லுங்கள். சொல்லத் தெரியவில்லையென்றால், பக்கத்தில் உட்கார்ந்து இருவருமாகத் தேடுங்கள். பாதிப் பொத்தானை நீங்கள் நுழைத்துக் கொடுங்கள். மீதியை அவன் இழுத்துக்கொள்வான்.

சரி, தம்பி. சுருட்டிப் போட்ட அந்தக் காலாண்டு விடைத்தாள் இன்னும் பையில்தானே இருக்கிறது? வெளியே எடு. சிவப்பு மை பார்த்து முகம் சுளிக்காதே. மொத்த மார்க்கைக் கைக்குட்டையால் மூடு, அது இப்போது வேண்டாம். முதல் தவறு எந்த வரியில்? இருபடிச் சமன்பாட்டில் கழித்தல் குறியைக் கூட்டலாகப் போட்டிருக்கிறாயா? பென்சிலால் வட்டமிடு. அதே மாதிரி ஐந்து கணக்கு போடு. ஐந்தில் நான்கு சரியாக வந்ததும் அடுத்த சிவப்பு வட்டத்துக்கு நகரு. நேரம் ஆகிறது, எடு.