சிக்கினது யார், சிக்க வைத்தது யார்?

கல்லூரியில் படிக்கிறபோது 'என்ஸ்னேர்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு அகராதியைப் புரட்டினேன். 'கண்ணியில் சிக்க வை' என்று போட்டிருந்தது. அந்தச் சொல்லுக்குள்ளேயே 'ஸ்னேர்', அதாவது கண்ணி, இருக்கிறது. கண்ணி தானாக முளைக்காது. ஒருத்தன் கயிறு திரித்து முடிச்சுப் போட வேண்டும்.

ஆனால் ஆங்கிலத்திலேயே இதைச் செயப்பாட்டு வினையாக்கி, கண்ணி வைத்தவனை மறைத்து எழுதிவிட முடியும். தமிழில் அதைவிடச் சுலபம். 'கடனில் சிக்கினான்' என்று தன்வினையில் முடித்துவிட்டால் பழி முழுக்கச் சிக்கினவன் தலையில்.

செங்கல் சூளைக்குப் போன எங்க அத்தை, "நாந்தான்டா போயி மாட்டிக்கிட்டேன்" என்றுதான் கடைசிவரை சொல்லும். மழைக்காலம், கூலி வேலை கிடையாது, அடுப்பு எரியவில்லை. மேஸ்திரி அந்த மாசம் பார்த்துத்தான் சேரிக்குள் முன்பணத்தோடு வருவான். ஆறு மாசம் குடும்பமே கல் அறுத்தது. கணக்கு நோட்டு முதலாளி கையில். சீசன் முடிந்தும் பாக்கி நின்றது.

"இஷ்டப்பட்டுத்தானே வாங்கினாங்க?" என்று தோழர்களே கேட்டிருக்கிறார்கள். கவுதாரியும் தன் காலால் நடந்து வந்துதான் மாட்டுகிறது. இரை தேடி அது எந்தத் தடத்தில் வரும் என்று தெரிந்தவன்தான் அங்கே கண்ணி வைக்கிறான். பசியின் தடம் அறிந்து வைத்த பணத்தை இஷ்டம் என்று எப்படிச் சொல்வது? ஏசியாட் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்சநீதிமன்றமே, வறுமையின் நெருக்கடியால் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைப்பது கட்டாய உழைப்புதான் என்றது.

1976இன் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், இன்ன சாதியில் பிறந்ததாலேயே ஒருவர் கட்டுப்பட்டு உழைப்பதையும் கொத்தடிமை முறை என்றே சொல்கிறது. அதன் 15ஆம் பிரிவு முக்கியமானது. 'இது கொத்தடிமைக் கடன்' என்று தொழிலாளி சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவன். பதில் சொல்ல வேண்டியவன் யார் என்று சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. சூளை வாசல்வரை அது வராதது வேறு கதை.

நம் எழுத்துக்காவது தெரிய வேண்டாமா? நம் ஜனங்களின் கதையை நாமே 'சிக்கினார்கள்', 'மாட்டினார்கள்' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். அத்தை சாகிறவரை தன்னையே திட்டிக்கொண்டு செத்தது. அதுக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்: நீ மாட்டிக்கல அத்தை. உன்னை மாட்ட வச்சாங்க. மேஸ்திரி தூக்கி வந்தான், முதலாளி முடிச்சுப் போட்டான், ஊர் பார்த்துக்கிட்டு நின்னுச்சு.